ஏவலும் தன்மையும்

ஒரு நாளில் தான் செய்யும் வேலைகளை எடுத்துச் சொல்லுதல் எளிதென்றே எல்லோரும் எண்ணுவர். எழுத்தறியாதவனும் அதனைத் தன் வீட்டாரிடம் சொல்லுகிறான். பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தையும் தன் தாயிடம் சொல்லுகிறது. ஆயினும், அதே செய்தியை ஆங்கிலத்தில் சொல்லுமாறு கேட்டால், பத்தாண்டுகளாக ஆங்கிலச் சொற்களின் நடுவே உழைத்துவரும் நம் தொழிலாளத் தோழர்களில் அநேகர் வாயடைத்து நிற்கிறார்கள். அறிவுக் குறைவே இதற்குக் காரணமென்று ஆங்கிலம் கற்ற நம்மவர் சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அஃது உண்மையன்று. உண்மையான காரணம் வேறு. அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜொகூரிலுள்ள செம்பனைத் தோட்டமொன்றில் நான் கிராணியாக இருக்கிறேன். ஞாயிறுதோறும், 1924ஆம் ஆண்டில் முறைப்படி திறக்கப்பெற்ற கடற்பாலத்தைக் கடந்து, சிங்கப்பூரின் வடகோடியிலுள்ள கிராஞ்சிக்கு வருவது என் வழக்கம். கிராஞ்சி என்பது ஒரு மரத்தின் பெயரால் அமைந்த ஊர். 1996இல் இங்கு இரயில் நிலையம் வந்தது. 1999இல் வந்த குதிரைப் பந்தயத் திடல் 2024 அக்டோபரில் கடைசிப் பந்தயத்தை நடத்தி ஓய்ந்தது. பண்ணைகளும் தொழிற்சாலைகளும் அவற்றினூடே வெளிநாட்டுத் தொழிலாளர் தங்குவிடுதிகளும் இன்றும் இருக்கின்றன. விடுமுறை நாளில் தோழர்களிற் பலர் இரயிலேறி நியூட்டனில் மாறித் தேக்காவுக்குப் போய்விடுவார்கள். போகாதவர்களில் நால்வர் நிலையத்துக்கு அருகே ஒரு மரநிழலில் என்னோடு அமர்ந்து ஆங்கிலம் பேசிப் பழகுகிறார்கள்.

அவர்களில் ஒருவர் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த வெல்டர். வேறொரு நாட்டில் வேலைக்கு மனுச் செய்வதற்காக ஐயெல்ட்ஸ் என்னும் ஆங்கிலப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறார். 1989 முதல் நடந்துவரும் அப்பரீட்சையில், பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடம். முதல் நான்கைந்து நிமிடங்களில் பரீட்சகர் வீடு, குடும்பம், வேலை, பொழுதுபோக்கு முதலியவற்றைப் பற்றிக் கேட்பார். பின்னர் ஒரு பொருளைக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்க விட்டு, இரண்டு நிமிடம் வரையில் பேசச் சொல்வார். அதன்பின் அப்பொருளை ஒட்டிய உரையாடல். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்கும் சமமாக மதிப்பிடுவர். சொன்ன செய்தி மெய்யா பொய்யா என்பதற்கு மதிப்பெண் இல்லை.

கடைசியாகச் சொன்ன இந்த விதியைக் கண்டே பயிற்சிப் புத்தகக்காரர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். 'நீங்கள் மிகவும் பிஸியான மனிதரா?' என்ற கேள்விக்கு ஆயத்தமான விடை ஒன்றை அச்சிட்டு, அதனை நெட்டுருப்போடச் சொல்லுகிறார்கள். நம் வெல்டர் தம்பியும் அப்படியொன்றை மனனம் செய்து வந்தார். அவ்விடையின்படி அவர் காலையில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறார். அலுவலகத்தில் கணிப்பொறி முன் அமர்கிறார். மாலையில் நண்பர்களோடு காப்பிக் கடையில் இளைப்பாறுகிறார். அவர் சொல்லி முடித்ததும், "எந்தக் கூடம்? அங்கே என்ன செய்வீர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். தம்பி தரையைப் பார்த்தார். பிறகு, "அண்ணே, நான் அந்தப் பக்கமே போனதில்லையே, என்னத்தைச் சொல்ல?" என்றார். பரீட்சகரும் இப்படித்தான் அடுத்த கேள்வியைப் போடுவார். மேலும், மனனம் செய்த விடையைக் கண்டுகொள்ள அவர்கள் பழகியவர்கள்.

"அப்படியானால் உம்முடைய நாளையே சொல்லும்" என்றேன். அப்போதுதான் உண்மையான தடை இன்னதென்று விளங்கிற்று. அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் வெறும் வினைச்சொல்லாகவே வந்தது. 'காலையில் எழுகிறேன்' என்பதற்கு 'மார்னிங் வேக் அப்' என்றார். 'நேற்று வந்தேன்' என்பதற்கு 'எஸ்டர்டே கம்' என்றார். நம் மொழியில் 'வந்தேன்' என்றாலே வந்தவன் நான் என்பது விளங்கும்; விகுதியே ஆளைக் காட்டிவிடும். ஆகையால் 'நான்' என்பதை நாம் விட்டுப் பேசுவது இயல்பு. ஆங்கில வினையோ ஆளைக் காட்டாது. 'ஐ' என்ற எழுத்து இல்லாவிடில், 'கம்' என்பது 'வா' என்னும் கட்டளையாகவே செவியில் விழும். நம் தோழர் தம் செயலைச் சொல்லுகிறார். கேட்பவர் காதிலோ அஃது ஏவலாகக் கேட்கிறது.

இதில் அவர் குற்றம் ஒன்றுமில்லை. அவர் ஆங்கிலம் கற்ற பள்ளிக்கூடம் வேலைத்தலமன்றோ? அங்கே அவர் காதில் விழுவன யாவும் ஏவல் வினைகளே: கம், கோ, லிஃப்ட், ஹோல்ட், க்விக். பத்தாண்டில் ஆயிரமாயிரம் முறை கேட்டது முன்னிலை ஏவல். 'நான் செய்தேன், நான் காத்திருந்தேன், நான் நினைக்கிறேன்' என்னும் தன்மை வினையைப் பேச அங்கே எவரும் அவரை அழைத்ததில்லை. கருவிகளின் பெயர்களும் பாதுகாப்பு விதிகளின் பெயர்களும் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவருக்கு இல்லாதது ஒரே சொல், அது 'நான்'.

தோட்டத்தில் உத்தியோகம் பார்ப்பவனுக்கு இது பழைய கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கைத் தோட்டத்துச் சின்னதுரைமார் தமிழ் கற்பதற்கென்று கொழும்பில் ஒரு கையடக்கப் புத்தகம் அச்சாயிற்று. அதன் பெயர் என்ன தெரியுமா? 'இங்கே வா' என்பதே! தொழிலாளியோடு பேச ஒருவனுக்கு வேண்டிய தமிழ் எது என்று அக்காலத்தார் கருதினர் என்பதற்கு அத்தலைப்பே போதிய சான்று. அன்று துரை நம் மொழியைக் கற்றதும் ஏவுவதற்கே. இன்று தொழிலாளி பிறர் மொழியைக் கேட்பதும் ஏவப்படுவதற்கே.

மொழிப் பரீட்சை என்பதும் ஒரு காலத்தில் அப்படியே இருந்தது. 1897இல் நேட்டாலில், ஐரோப்பிய மொழியொன்றில் எழுதத் தெரியாத புதியவர்களைத் தடுக்கச் சட்டம் செய்தார்கள். 1901இல் ஆஸ்திரேலியா அவ்வழியைப் பின்பற்றி, அதிகாரி ஐம்பது சொற்களை வாசிக்க, வந்தவன் அதனைப் பிழையின்றி எழுத வேண்டுமென்றது. எம்மொழியில் வாசிப்பது என்பது அதிகாரியின் விருப்பம். 1934இல் பல மொழி வல்லவரான கிஷ் என்ற எழுத்தாளருக்கு ஸ்காத்லாந்துக் கேலிக் மொழியில் வாசித்து, தோற்றவரென்று தீர்ப்பளித்தார்கள். வழக்கு உயர்நீதிமன்றம் சென்று, அஃது அச்சட்டத்துக்குரிய ஐரோப்பிய மொழியன்று என்று முடிந்தது. அச்சோதனை 1958இல் ஒழிக்கப்பட்டது. அதிலே வந்தவன் தன் சொல் ஒன்றும் பேச இடமில்லை. பிறன் சொல்லை எழுதுவதே வேலை. இன்றைய பரீட்சையிலும் குறைகள் உண்டு. கட்டணமும் ஏழைக்குச் சுமையே. எனினும், 'உன் நாளைச் சொல்' என்றாவது அது கேட்கிறது. அப்படிக் கேட்கும்போது உடற்பயிற்சிக் கூடத்துப் பொய்யைச் சொல்லுவது, கிடைத்த வாய்ப்பைக் கைநழுவ விடுவதாகும்.

எனவே பயிற்சியை மாற்றினோம். முதலில் ஒவ்வொருவரும் தம் நாளைத் தமிழில் சொல்ல வேண்டும். பிறகு அதனையே ஆங்கிலத்தில், ஒவ்வொரு வாக்கியத்தையும் 'ஐ' என்று தொடங்கிச் சொல்ல வேண்டும். 'பிஸி' என்ற சொல்லே முதற்பாடமாயிற்று. நாம் 'எனக்கு வேலை இருக்கிறது' என்கிறோம். அங்கே எழுவாய் வேலை. நாம் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறோம். ஆங்கிலத்திலோ 'ஐ ஆம் பிஸி' என்று ஆளே எழுவாயாகிறான். அடுத்தது காலம். நாம் ஐந்து மணிக்கு, காலையில், ஞாயிறன்று என்று சொல்லின் பின்னே சேர்ப்பவற்றை அவர்கள் 'அட்', 'இன்', 'ஆன்' என்று முன்னே வைக்கிறார்கள்.

தம்பியின் நாள் இது: நாலரைக்கு எழுகிறார். குளியலறைக்கு வரிசையில் நிற்கிறார். ஐந்தே முக்காலுக்கு லாரி ஏறுகிறார், அதில் உறங்கிவிடுகிறார். எட்டு மணிக்கு வேலை தொடக்கம். நடுவில் ஒரு மணி உணவு. மாலை ஏழுக்கு முடிவு. லாரிக்காகக் காத்திருந்து எட்டரைக்கு விடுதி சேர்கிறார். நால்வர் கூடிச் சமைக்கிறார்கள். ஊரில் இரண்டரை மணி பின்னால் என்பதால், மகள் உறங்குமுன் பேச நேரம் கிடைக்கிறது. இதனைச் சொல்ல அவருக்குப் புதிதாக வேண்டியிருந்தவை சில சொற்களே: காத்திருத்தல், வரிசை, பங்கிடுதல், அயர்ந்து தூங்குதல். உடற்பயிற்சிக் கூடத்தைப் பற்றி இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேச இயலாதவர், லாரியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார்.

இவற்றைத் தினமும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று வரி எழுதுமாறு சொன்னேன்: எத்தனை மணிக்கு வேலை தொடங்கினேன், எத்தனை மணிக்கு முடித்தேன், என்ன செய்தேன். இறந்தகால வினைப் பயிற்சிக்காகவே சொன்னது. மாதக் கடைசியில் அந்த நோட்டு வேறொரு வேலையும் செய்தது. தம்பி அதனைத் தம் சம்பளச் சீட்டோடு வைத்துப் பார்த்தார். நோட்டில் கண்ட ஓவர்டைம் மணிகளில் பதினான்கு சீட்டில் இல்லை.

சிங்கப்பூர் வேலைச் சட்டப்படி, மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்கு மேற்படாத உடலுழைப்புத் தொழிலாளிக்குச் சாதாரண வேலை பொதுவாக வாரத்துக்கு 44 மணி. அதற்கு மேற்பட்டதற்கு ஒன்றரை மடங்குக்குக் குறையாத கூலி. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. ஓவர்டைம் மணியையும் கூலியையும் தனித்தனியே காட்டிச் சம்பளச் சீட்டுக் கொடுக்க வேண்டுமென்பது 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். தகராறு வந்தால் முதலில் சமரசம் பேச ஓர் அமைப்பும், பின்னர் விசாரிக்க நடுவர் மன்றமும் 2017 ஏப்ரல் முதல் இருக்கின்றன. சட்டம் இருக்கிறது; ஆனால் எந்நாளில் எத்தனை மணி உழைத்தேன் என்று சொல்ல ஆள் வேண்டுமே!

தோட்டத்தில் தொழிலாளியின் நாள் என்னைப் போன்ற கிராணியின் செக்ரோலில் ஒரு குறியாக விழுகிறது. அக்குறி விழுந்தால் அவன் உழைத்தான், விழாவிட்டால் உழைக்கவில்லை. பிறன் கையிலுள்ள அந்தப் புத்தகத்தைத் தன் கையால் எழுதிக்கொள்ளுகிறவன், அந்த அளவுக்குத் தன் வாழ்வுக்குத் தானே சாட்சியாகிறான்.

தம்பி நோட்டை எடுத்துக்கொண்டு கம்பெனியின் நேரக்கணக்கரிடம் சென்றார். 'இன்ன தேதியில் நான் ஒன்பது மணி வரை வேலை செய்தேன். தயவுசெய்து பாருங்கள்' என்று ஆங்கிலத்தில் தேதிவாரியாகச் சொன்னார். மரநிழலில் நூறு முறை சொல்லிப் பழகிய வாக்கியமே அது. ஒன்பது மணிகள் ஒப்புக்கொள்ளப்பட்டு அடுத்த மாதச் சீட்டில் வந்தன. மீதி ஐந்து இன்னும் வரவில்லை. நோட்டு பத்திரமாக இருக்கிறது. பரீட்சையும் இனிமேல்தான்.

'தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்றாயிற்றே, அதிலேயே முறையிடலாகாதோ?' என்று சிலர் கேட்கக்கூடும். முறையிடலாம், முறையிடவும் வேண்டும். ஆனால் முறையீட்டுக்கு முந்திய ஆயிரம் சிறு பேச்சுகள் மேற்பார்வையாளரிடமும் கணக்கரிடமும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. அங்கே வாய்திறப்பவனுக்குப் பல வேளைகளில் முறையீடே வேண்டியிராது. இன்னும் சிலர், 'உடைந்த ஆங்கிலம் பேசி நம்மவர் மானம் போகிறது' என்று வருந்துகிறார்கள். உழைத்த கூலியைக் கேட்க வாயில்லாமல் நிற்பதைவிடப் பெரிய மானக்கேடு எதுவோ, அவர்களே சொல்லட்டும்.

ஆங்கில வழியில் கற்ற நம்மவருக்கு ஒரு வேண்டுகோள். நாம் அம்மொழியைப் பெற்றோர் செலவில், நிழலில் அமர்ந்து கற்றோம். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரத்தை ஒரு தோழருக்குக் கொடுத்தால் நமக்கொன்றும் குறைந்துவிடாது. கொடுக்கும்போது, காப்பிக் கடை விடைகளையும் அலங்கார வாக்கியங்களையும் கொண்டுபோக வேண்டாம். அவர் எழும் நேரம், ஏறும் லாரி, முடிக்கும் வேலை, பெறும் கூலி ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் 'நான்' என்று தொடங்கச் சொல்லுங்கள். பரீட்சையில் அவருக்கு எத்தனை மதிப்பெண் வருமென்று நாம் உறுதி கூற முடியாது. ஆனால் அடுத்த மாதச் சம்பளச் சீட்டை அவர் ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்ப்பார் என்று நிச்சயமாகச் சொல்லலாம்.