வாய்க்கால் கரையில் ஆக்சிலேட்டர் சிக்கினால்

சின்னமனூரை அடுத்த மார்க்கையன்கோட்டை, முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் நெல் விளையும் ஊர். கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நிலம் 14,707 ஏக்கர். அறுவடையில் நெல் ஏற்ற வாய்க்கால் கரைப் பாதையில் லாரி வரும். வேறு டீசல் இன்ஜின் மாற்றிய பழைய லாரியில் ஆக்சிலேட்டர் சிக்கினால் நெல்லோடு உயிருக்கும் ஆபத்து.

வேகம் குறையாவிட்டால் கிளட்சை மிதித்து, பிரேக் பிடித்து, ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்த வேண்டும். பிறகு டீசல் பம்பு லிவரிலிருந்து கேபிளை மட்டும் கழற்றி, லிவரைக் கையால் அசைத்துப் பார்க்கவும். துள்ளித் திரும்பினால் பழுது கேபிளிலோ பெடலிலோதான். வைக்கோல் தூசி, சேறு, பிரிந்த கம்பி இழை, இன்ஜின் மாற்றியபோது கேபிளில் விழுந்த கூர்வளைவு ஆகியவற்றைப் பார்க்கவும். லிவர் திரும்பாவிட்டால் ஸ்பிரிங்கைப் பார்க்கவும். அது சரியாக இருந்தால் பம்பு மெக்கானிக்கிடம் காட்டவும். கூடுதல் ஸ்பிரிங் மாட்டுவது பழுதை மறைக்குமே தவிர தீர்க்காது.