அரளி வைக்கப் போறீங்களா?

மதுரைன்னா மல்லிகைதான். 2013-ல் புவிசார் குறியீடும் அதுக்குத்தான் கிடைச்சுது. ஆனா கிணத்துல தண்ணி இறங்கிட்ட காட்டுக்கு என்ன பூ போடலாம்னு கேட்டா நான் அரளியைத்தான் சொல்வேன்.

விரல் கனத்துல ஒரு அடிக் குச்சி வெட்டி ஊனுங்க. வேர் பிடிக்கிற வரைக்கும் ஈரம் காயக் கூடாது, அப்புறம் எப்பவாவது ஒரு தண்ணி போதும். வருஷம் ஒருக்கா கவாத்து பண்ணணும். புதுத் துளிர் நுனியிலதான் பூ வரும். மொட்டாவே பறிச்சு, விடியுமுன்னே மாட்டுத்தாவணிக்கு ஏத்திரணும்.

நான்குவழிச் சாலை நடுவுல அரளியா நட்டு வச்சிருக்காங்களே, பார்த்திருப்பீங்க. வெயிலும் புகையும் தாங்கும், ஆடு மாடு கடிக்காது. ஏன்னா இலை, பூ, வேர், பால் எல்லாமே விஷம். இதயத்தைத்தான் பிடிக்கும். காஞ்சாலும் விஷம் போகாது. பச்சை இலையை ஆடு மோந்து பார்த்துட்டு விலகிரும். காஞ்ச சருகு வைக்கோலோட கலந்துட்டா அதுக்குத் தெரியாது. அதனால கவாத்துக் கழிவை நாங்க தொழுவத்துப் பக்கமே கொண்டு போறதில்லை. எரிச்சா புகையும் ஆகாது. ஆழமா குழி தோண்டிப் புதைச்சிருவோம்.

2024 மே மாசம் கேரளாவுல திருவிதாங்கூர், மலபார் தேவசம் போர்டுகள் நிவேதனத்துலயும் பிரசாதத்துலயும் அரளி வேண்டாம்னு நிறுத்திட்டாங்க. சரியான முடிவுதான்.

மாடித் தோட்டத்துல வைக்கிறவங்க, வெட்டினதும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க. குழந்தை தவழ்ற வீடா? இட்லிப்பூ வைங்க, அதுவும் வருஷம் பூராவும் பூக்கும்.