எங்கள் கரையை நாங்களே படமெடுப்போம்



போனில் "திருகோணமலை" என்று தேடிப் பாருங்கள். நிலாவெளி மணல், புறாத்தீவின் பவளப்பாறை, மார்பிள் பீச்சின் பச்சைத் தண்ணீர், சுவாமி மலையிலிருந்து தெரியும் கடல் என்று வரிசையாக வரும். அழகான படங்கள்தான். ஆனால் பெரும்பாலும் இரண்டு நாள் தங்கிப் போனவர்கள் எடுத்தவை. கரைவலை இழுக்கும் கைகளும், கிண்ணியாக் கரையில் ஏற்றி வைத்த தோணிகளும், மூதூர் இறங்குதுறையும் அவற்றில் அரிதாகத்தான் தென்படும். இன்று எங்கள் எல்லோரிடமும் கெமரா போன் இருக்கிறது. நாங்கள் எடுப்பதோ கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் செல்பி.

எங்களிடம் பழைய கரையின் படங்கள் இல்லாததற்குக் காரணம் உண்டு. யுத்த காலத்தில் கெமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு துறைமுகப் பக்கம் யாராலும் நடக்க முடியாது. 2004 டிசம்பர் 26 காலையில் அலை வந்தபோது கரையோர வீடுகளோடு கல்யாண ஆல்பங்களும் போயின. 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் உடுத்த உடுப்போடு வெளியேறினார்கள். போட்டோவைத் தேடி எடுக்க எவருக்கு நேரம் இருந்தது?

இப்போது எங்கள் வகுப்பறைகளில் இருக்கும் எந்தப் பிள்ளையும் சுனாமிக்கு முந்திய கரையைக் கண்டதில்லை. "இந்த இடத்தில் தென்னந்தோப்பு இருந்தது, அதற்கு அப்பால்தான் கடல்" என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அதைக் காட்ட ஒரு படம் இருக்காது. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலைக்குக் கீழே சுழியோடி, பழைய கோயிலின் தூண்கள் கடலடியில் கிடப்பதைப் படம் எடுத்தார்கள். வாய்மொழியாக இருந்த ஒரு விஷயம் படம் வந்தபின் சாட்சியாகிவிட்டது. கரையைப் படமெடுப்பதை நாங்கள் பொழுதுபோக்காக மட்டும் பார்க்காததற்கு இதுவே காரணம்.

இதற்குப் பெரிய கெமரா வேண்டும் என்று நினைக்காதீர்கள். முதலில் வேண்டியது ஒளி எப்போது வரும், நிலா எங்கே எழும், காற்று எந்தப் பக்கம் வீசும் என்ற அறிவு. அது எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

பள்ளிவாசல் சுவரில் தொங்கும் தொழுகை நேரசூசியைப் பாருங்கள். சுபஹுக்கும் சூரிய உதயத்துக்கும் இடையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும். கருநீலம், ஊதா, செம்மை என்று ஒளி மாறுவது அந்த நேரத்தில்தான். ஜமாஅத் முடிந்து நேரே கரைக்கு நடந்தால் போதும். மாலையில் எங்கள் நாட்டில் அந்தி நீளாது. சூரியன் மறைந்தபின் நல்ல ஒளி 20 நிமிடம் அளவில்தான் நிற்கும். அந்த 20 நிமிடம் மஃரிபுக்குரியது. ஆகவே எங்களுக்கு வாய்த்தது காலைதான்.

அடுத்தது பிறைக் கணக்கு. பிறை 14 அளவில் சூரியன் மேற்கே இறங்கும் நேரத்தை ஒட்டியே முழுநிலா கிழக்கே எழும். கிழக்குக் கரைக்காரரான எங்களுக்கு அது கடலுக்குள் இருந்தே வரும். வானத்தில் இன்னும் வெளிச்சம் இருப்பதால் நிலாவும் கடலும் ஒரே படத்தில் தெளிவாக விழும். ஓரிரு நாள் பிந்தினால் நிலா நன்றாக இருட்டியபின்தான் எழும். படத்தில் வெள்ளைப் பொட்டு மட்டும் மிஞ்சும்.

காற்றையும் கவனியுங்கள். கச்சான் வீசும் மாதங்களில் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போவதால் உப்புவெளி, நிலாவெளிக் கடல் கண்ணாடிபோல் கிடக்கும். வாடைக் காலத்தில் அதே கரையில் அலை உயர்ந்து, மேகம் திரளும். மூதூர்ப் பக்கம் மகாவலி வெள்ளம் கொட்டியாரக் குடாவைச் செம்மண் நிறமாக்கும். மலைகள் சூழ்ந்த உள்துறைமுகத்தில் தண்ணீர் அடங்கியே இருக்கும். நிழலும் விளக்கும் பிரதிபலிப்பதை எடுக்க இன்னர் ஹாபர் வீதி நல்ல இடம். 2009 ஒக்டோபரில் திறந்த 396 மீற்றர் கிண்ணியாப் பாலத்தில் நின்றால் கிழக்கே குடா, மேற்கே தம்பலகாமக் களப்பு. உதயமும் மறைவும் தண்ணீர் மேலேயே கிடைக்கும் இடம் வேறு எத்தனை ஊரில் இருக்கிறது?

இனிக் கைவேலை. லென்ஸைத் துணியால் துடையுங்கள்; உப்புக்காற்று ஐந்து நிமிடத்தில் அதை மங்கலாக்கிவிடும். போனில் கட்டக்கோடுகளை ஒன் பண்ணி, கடல் கோட்டை அதனோடு நேராக வையுங்கள். கடல் சரிந்தால் படம் முழுவதும் சரியும். வானம் அழகாக இருந்தால் கடல் கோட்டைக் கீழே இறக்குங்கள். கரையில் விஷயம் இருந்தால் மேலே ஏற்றுங்கள். முன்னால் ஒரு தோணியோ, கல்லோ, நங்கூரக் கயிறோ இருந்தால் பார்ப்பவரின் கண் அதில் ஏறிக் கடலுக்குள் போகும். வானத்தைத் தொட்டு ஒளியைக் கொஞ்சம் குறையுங்கள். இல்லாவிட்டால் மேகம் வெளுத்துவிடும்.

வானத்தையும் கடலையும் ஒன்றாகப் பிடிப்பது பழைய சிக்கல். 1850களில் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து, இரண்டையும் கடல் கோட்டில் பொருத்தி அச்சிட்டார். இன்று எச்.டி.ஆர். என்ற பெயரில் போன் பல படங்களைச் சேர்த்து நொடியில் செய்வதும் ஏறத்தாழ அதுதான்.

கெமரா உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. 10 ஸ்டொப் என்.டி. ஃபில்டர் ஒளியை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காக்கும். 1/30 செக்கனில் எடுக்கும் படம் 30 செக்கனுக்கு மேல் நீளும். கடல் பட்டுத்துணிபோல் வரும், பலருக்கும் ஆசை அதில்தான். ஆனால் அந்த 30 செக்கனில் கரையில் நடந்துபோகிற மனிதர் படத்தில் விழமாட்டார். அசையும் தோணி புகையாகிவிடும். அசையாத கல்லும் கட்டிடமும் மட்டும் மிஞ்சும். வெறும் கரைதான் அழகு என்று காட்டும் படங்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன. வலை இழுப்பவரை 1/500இல் எடுங்கள். அவர் கையின் நரம்பும் தெறிக்கும் தண்ணீரும் நிற்கும். திரும்பும் அலையின் கோடு வேண்டுமானால் 1/4 செக்கன் போதும், முக்காலியில் வைத்து.

மனிதரை எடுக்கும்போது அதபு முக்கியம். சலாம் சொல்லி, கேட்டு எடுங்கள். மீன் படாத நாளில் அவர் முகத்துக்கு நேரே கெமராவைப் பிடிக்க வேண்டாம். கரையில் நிற்கும் பெண் பிள்ளைகளைக் கேட்காமல் எடுக்கவே கூடாது. கடற்படை எல்லைக்குள் கெமராவைத் திருப்பாதீர்கள்.

கடைசியாக ஒன்று. நல்ல இடம் தேடி அலைவதைவிட, வீட்டுக்குக் கிட்டிய கரையில் ஒரு அடையாளத்தைப் பிடியுங்கள்: ஒரு மரம், ஒரு மதகு, ஒரு மின்கம்பம். மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் நின்று, அதே பக்கம் பார்த்து ஒரு படம். உதயம் ஒரு வருடத்தில் கிழக்கே சுமார் 47 பாகை அகலத்துக்குப் போய் வருவது அதில் தெரியும். மண் எவ்வளவு அரிக்கிறது, எந்த மரம் விழுந்தது, எந்த வீடு எழுந்தது என்பதும் தெரியும். பத்து வருடத்தில் அது எங்கள் ஊரின் ஆவணம்.

படத்தை போனிலேயே விட்டுவிடாதீர்கள். வருடத்துக்குப் பன்னிரண்டையாவது பிரிண்ட் எடுத்து, பின்னால் இடமும் திகதியும் எழுதி, கரையை விட்டுத் தள்ளியிருக்கும் உறவினர் வீட்டில் ஒரு பிரதி வையுங்கள். ஏன் என்று எங்கள் ஊராருக்கு விளக்கத் தேவையில்லை.

வருகிற பிறை 14இல், இன்ஷா அல்லாஹ், உங்கள் கரையிலிருந்து ஒரு படம் எடுத்து இடப்பெயரோடு கமெண்டில் போடுங்கள்.