ஆனைமுடியின் உயரம்

இடுக்கியின் தேவிகுளம் பகுதியில், தேயிலைத் தோட்டப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இயற்பியல் டீச்சராக இருந்தேன். அங்கே ஒரு மாணவியிடம் தவறான பதிலைச் சொன்னேன். தவறு என்று தெரிந்த பிறகும் திருத்தவில்லை.

2015. மலைக்கு அந்தப் பக்கம், தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க மத்திய அரசு ஒப்புதல் கொடுத்திருந்தது. எதற்கு மலையைக் குடைய வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். வானத்திலிருந்து ஓயாமல் பொழியும் மியூவான் என்ற துகள்களைப் பாறை தடுக்கும், அதற்குத்தான் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பாடத்தில் இல்லாத ஐன்ஸ்டைனை இழுத்தேன். எனக்கு அதுவும் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசை.

கரும்பலகையில் கணக்குப் போட்டேன். மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ வினாடி. ஒளி வேகத்தில் 99.5 சதவீதத்தில் வந்தாலும், 2,695 மீட்டர் ஆனைமுடி உச்சியிலிருந்து கடல்மட்டத்துக்கு இறங்க 9 மைக்ரோ வினாடி ஆகும். நூற்றில் இரண்டுகூட மிஞ்சாது. ஆனால் ஓடும் மியூவானின் கடிகாரம் பத்து மடங்கு மெதுவாக நடக்கிறது. அதற்குக் கழிவது 0.9தான். காற்றில் இழக்கும் ஆற்றலைக் கணக்கில் சேர்க்காவிட்டால் 66 வந்து சேரும்.

ஒருத்தி எழுந்தாள். "மியூவான் பக்கம் இருந்து பாத்தா நாமதானே டீச்சர் ஓடுறோம்? அப்ப நம்ம கடிகாரம்தானே மெதுவாப் போகணும்?"

எனக்குப் பதில் தெரியாது. சூத்திரத்தை மனப்பாடம் செய்தவள் நான். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "ஓடுறது மியூவான்தான். மலை எங்கேயாவது ஓடுமா?" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

சீரான வேகத்தில் போகும் இருவரில் யார் நிற்கிறார் என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. 1905இல் ஐன்ஸ்டைன் தொடங்கியதே அங்கிருந்துதான். அதையே மறுத்துவிட்டேன்.

அன்று இரவே புத்தகத்தைப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. மியூவானுக்கு நம் கடிகாரங்கள்தான் மெதுவானவை. ஆனால் அதற்கு மலையின் உயரம் 270 மீட்டர். கடக்க 0.9 மைக்ரோ வினாடி போதும். அதற்குள் கீழே உள்ள கடிகாரம் நகர்வது வெறும் 0.09. பிறகு நாம் எப்படி 9 என்று அளந்தோம்? உச்சியிலும் கடற்கரையிலும் நாம் ஒன்றாக ஓடவிட்ட கடிகாரங்கள் மியூவானுக்கு ஒன்றாக ஓடுவதில்லை. மேலே பூஜ்யம் காட்டும்போதே, அதன் கணக்கில் கீழே 8.94 ஆகிவிட்டது. கூட்டினால் 9.03. இரண்டு பேர் அளவும் பொருந்திவிட்டது. எவ்வளவு அழகான பதில்! மறுநாள் காலையில் அது அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

கொடுக்கவில்லை. பிள்ளைகள் முன் சிறுத்துப்போவேன் என்று பயந்தேன். அவள் என் வகுப்பில் பிறகு கேள்வியே கேட்கவில்லை. அம்மா கொழுந்து கிள்ளிய கூலியில் படித்த பெண். இயற்பியல் படிக்க ஆசைப்பட்டவள், வேறு பாடத்துக்குப் போனாள். என்னால்தான் என்று யாரும் சொன்னதில்லை. என்னால் இல்லை என்று நானும் சொல்ல மாட்டேன். சிரித்த மற்றவர்கள் என் தவறை அறிவியல் என்று நம்பிப் போனார்கள்.

அந்த வகுப்பில் இருந்த யாராவது இதைப் படித்தால் அவளிடம் சொல்லுங்கள்: கேள்வி சரி, டீச்சர் சொன்ன பதில்தான் தவறு.