லாடம் கழற்றும் நாள்

அமெரிக்க நாட்டுப்புறச் சாலைகளில் குதிரைமீது ஆயிரக்கணக்கான மைல்கள் செல்வோர் இன்றும் சிலர் உள்ளனர். பந்தயமோ பரிசோ அவர்கள் நோக்கமன்று. வசந்தத்தில் புல் தலைகாட்டியதும் புறப்படுகிறார்கள். இலையுதிர்காலத்தின் முதல் உறைபனிகளோடு அவ்வாண்டுப் பயணம் முடிகிறது. எந்த ஊரில் முடியும் என்பதைப் புறப்படும்போது எவரும் உறுதியாகச் சொல்ல இயலாது. அதைக் குதிரையின் உடல்தான் முடிவு செய்கிறது.

சேணத்தின் கீழே நாணய அளவில் ஒரு புண் கண்டால் போதும், பயணம் நின்றுவிடும். நாளொன்றுக்கு இருபது, இருபத்தைந்து மைல் என்பதே வாரக்கணக்கில் தாங்கக்கூடிய வேகம். அதிலும் ஒரு பகுதியைப் பயணி இறங்கி நடந்தே கடக்க வேண்டும். தார்ச்சாலையில் வெறும் இரும்பு லாடம் விரைவில் தேயும், வழுக்கவும் செய்யும். எனவே டங்ஸ்டன் கார்பைடுத் துணுக்குகளை அதன் அடியில் பற்றவைத்துக்கொள்கிறார்கள். தேயாத லாடமும் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கொரு முறை கழற்றப்பட வேண்டும், ஏனெனில் குளம்பு வளர்ந்துகொண்டே இருக்கிறது. மாநில எல்லையைக் கடக்கக் குதிரைக்கு இரத்தப் பரிசோதனைச் சான்று தேவை. மனிதருக்கு எதுவும் தேவையில்லை!

மாலையானதும் ஏதேனும் ஒரு பண்ணைவீட்டின் கதவைத் தட்ட வேண்டும். தட்டுபவர் தமக்குப் படுக்கை கேட்பதில்லை. குதிரைக்குப் புல்லும் நீரும் கேட்கிறார். வெயில்காலத்தில் ஒரு குதிரை நாற்பது லிட்டருக்கு மேலும் நீர் குடிக்கும். சாலையின் இருபுறமும் முள்வேலி ஓடும் நிலத்தில் உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு வாளி நீரும் கிடைக்காது. பெருஞ்சமவெளியின் பல மாவட்டங்களில் மக்கள்தொகை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளிலேயே உச்சத்தைத் தொட்டுக் குறையத் தொடங்கிவிட்டது. தட்டுவதற்குக் கதவே அகப்படாத மைல்கள் அங்கே நீளமானவை. கிராமியச் சமூகவியலில் அட்டவணையாகக் காணும் செய்தியைக் குதிரைப் பயணி தாகமாக அறிகிறார்.

குதிரையைக் கேளாமல் முடிவை முன்கூட்டியே குறித்துக்கொண்ட பயணத்துக்கும் சான்று உண்டு. 1912 மே 1 அன்று ஜார்ஜ் பெக்கும் மூன்று தோழர்களும் வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியாவிலிருந்து புறப்பட்டனர். 48 மாநிலத் தலைநகரங்களையும் குதிரைமீது சென்று காண்பது, 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடக்கவிருந்த உலகக் கண்காட்சியில் புகழோடு நுழைவது: இதுவே திட்டம். பருவம் பார்க்காமல் மூன்றாண்டுகள் பயணம் செய்தனர். அஞ்சலட்டை விற்றுப் பிழைத்தனர். ஆளுநர்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டனர். 20,352 மைல்கள் கடந்து கண்காட்சியை அடைந்தபோது, அங்கிருந்த ஆயிரம் வேடிக்கைகளுக்கிடையே அவர்களைப் பொருட்படுத்துவார் இல்லை. எதிர்பார்த்த புகழும் பணமும் வரவில்லை. இந்தப் புறக்கணிப்பையே சோகமாகச் சொல்வது வழக்கம். ஆனால் இப்பயணத்தில் பதினேழு குதிரைகள் பயன்பட்டன. தொடக்கம்முதல் இறுதிவரை சென்றது ஒன்றே: பிண்டோ. மற்றவற்றின் கதையை யார் எழுதினார்கள்?

பெர்னிஸ் எண்டேயின் பயணங்கள் வேறு வகை. மொன்டானாவின் ட்ரெகோ என்னும் சிற்றூரில் பாலே நடனம் கற்பித்து ஓய்வுபெற்ற இவர், 2005இல் ஐம்பதாம் வயதில், நியூ மெக்சிகோவை நோக்கித் தனியே புறப்பட்டார். ஏறத்தாழ 2,000 மைல்கள். ஒரே பயணம் என்று தொடங்கியது பதினைந்து ஆண்டுகளுக்கு நெருங்கி நீண்டது. 2014 முதல் 2016 வரை அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்து, திரும்பியும் குதிரையிலேயே வந்தார். அது மட்டும் 8,000 மைல்கள். 2021இல் மறைந்தபோது அவர் பயணத்தின் மொத்தம் 30,000 மைல்களை நெருங்கியிருந்தது. நடனம் கற்பித்தவருக்கு மூட்டும் தசையும் எங்கே வலிக்கத் தொடங்கும் என்பது தெரிந்திருக்கும். அந்த அறிவு குதிரைகளுக்கும் உதவியிருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

பருவம் முடியும் நாளில் விழா ஏதும் இருப்பதில்லை. பெரும்பாலும் யாரோ ஒருவர் ட்ரெய்லரோடு வருகிறார். ஐந்து மாதங்களில் கடந்த தொலைவை அது இரண்டு நாளில் திருப்பிக் கடந்துவிடுகிறது. சன்னலோரம் அமர்ந்திருப்பவருக்கு, நீர் கொடுத்த வீடுகள் எவை, மறுத்த வீடுகள் எவை என்று பார்க்கக்கூட நேரம் போதாது. நாள்தோறும் அந்நியரின் கதவுமுன் நின்று தம்மை விளக்கிக்கொண்டிருந்தவர், இனி எவரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லாத வாழ்வுக்குத் திரும்புகிறார். அதை விடுதலை என்று ஊரார் கருதுவர். பயணிக்கு அது அவ்வளவு எளிதாக இருப்பதில்லை.

ஊர் வந்ததும் லாடம் அடிப்பவர் வருகிறார். ஆணிகளின் முனையை நிமிர்த்தி, நான்கு லாடங்களையும் கழற்றி, குளம்பின் ஓரங்களைச் சீவிவிட்டுப் போகிறார். குளிர்காலம் முழுவதும் வெறுங்குளம்பு. கயிற்றை அவிழ்த்ததும் குதிரை சற்று நடந்து, முன்கால்களை மடித்துப் படுத்து, முதுகு மண்ணில் பட இருபுறமும் புரள்கிறது. பயணி மட்டும் சில வாரங்கள்வரை நள்ளிரவில் விழித்தெழுந்து, கட்டிய குதிரை கட்டிய இடத்தில் நிற்கிறதா என்று வெளியே வந்து பார்க்கிறார்.