காலண்டரில் இல்லாத பக்கம்

காலண்டரில் இருக்கும் நரசிம்மருக்கு முதுகு கிடையாது. வரைந்தவருக்கு அது தேவைப்படவில்லை. சுவரில் மாட்டிக் கும்பிடும் படத்தை யாரும் சுற்றிப்போய்ப் பார்ப்பதில்லை. அதே உருவத்தை முப்பரிமாண அனிமேஷனுக்குக் கொண்டுவரும்போது முதல் கேள்விகள் அந்த முதுகிலிருந்துதான் கிளம்பும். பிடரி மயிர் எதுவரை இறங்குகிறது? சிங்கத்தின் கழுத்து எந்த இடத்தில் மனிதத் தோளாக மாறுகிறது? நான்கு கைகள் என்றால், பின்னிரண்டு கைகளுக்குத் தோள்பட்டை எலும்பு எங்கே இருக்கிறது?

என் வேலை ரிக்கிங். உருவத்துக்குள் எலும்புக்கூடு போட்டு, எந்த எலும்பு திரும்பினால் எந்தத் தோல் எவ்வளவு இழுபட வேண்டும் என்று முடிவுசெய்வது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகளுக்கு நடுவே எழுந்த கண்ணாடிக் கட்டடங்களில் ஒன்றில்தான் என் நாள் கழிகிறது. புராண உருவங்கள் மேசைக்கு வந்தால் எனக்குத் தனி மகிழ்ச்சி. வேலையும் அதில்தான் கடினம்.

நான்கு கைகளையே எடுத்துக்கொள்வோம். பழைய செப்புத் திருமேனிகளைக் கவனித்தால், சிலவற்றில் பின்கைகள் தோளிலிருந்தே பிரியும். சிலவற்றில் முழங்கையை ஒட்டிக் கிளைக்கும். நிற்கும் உருவத்துக்கு இரண்டுமே அழகு. அசையும் உருவத்துக்கு அப்படி இல்லை. முன்கை மேலே போனால் அக்குளின் தோல் இழுபடும். அந்த இழுப்பு பின்கையின் வேரையும் சேர்த்து இழுக்கும். நாங்கள் செய்வது, மார்புக்கூட்டை ஒரு சுற்று நீட்டி, முதல் காறை எலும்புக்குக் கீழே இன்னொரு ஜோடி காறை எலும்பையும் தோள்பட்டையையும் ஒளித்துவைப்பது. மார்பு நீண்டதைப் பார்ப்பவர் உணரக் கூடாது. ஆரமும் பூணூலும் மார்புக்குள் புகுந்துவிடக் கூடாது. சக்கரம் சிற்பத்தில் இரண்டு விரல் நுனியில் நிற்கும்; ஓடும்போதும் அங்கேயே நின்றால் அது அட்டை போலத் தெரியும். அதற்கு எவ்வளவு கனம் என்று யாராவது முடிவெடுத்தாக வேண்டும். எந்தப் புராணமும் அதைச் சொல்வதில்லை.

சிங்கத்தின் வாய் இதைவிடப் பெரிய சிக்கல். ‘ப’, ‘ம’ இரண்டுக்கும் உதடுகள் மூட வேண்டும். சிங்கத்தின் மேலுதடு நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் தொங்குவது. அதை மனித உதடுபோல் மூடினால் பூனைக்குட்டி ஆகிவிடும். மூடாமல் விட்டால் குரல் வேறெங்கிருந்தோ வருவதாகத் தோன்றும். தாடையை மெல்லத் தூக்கி, கன்னத்து மயிரையும் மூக்கின் சுருக்கத்தையும் உதட்டுக்குத் துணையாக அசைத்து, கண் ஏமாறும் அளவுக்கு ஒரு சமாதானம் செய்துகொள்வோம்.

இதெல்லாம் தெரிந்தவன் இந்த மாதிரிப் படத்தை ரசிக்க முடியுமா என்று வீட்டில் கேட்பார்கள். தெரிந்ததால்தான் அதிகம் ரசிக்கிறேன். 2025 ஜூலை 25 அன்று வெளியான ‘மகாவதார் நரசிம்மா’வை மகளோடும் அம்மாவோடும் அம்பத்தூரிலேயே தமிழில் பார்த்தேன். அஸ்வின் குமார் இயக்கம், சாம் சி.எஸ். இசை. அரங்கு முழுக்கக் குடும்பங்கள். தாத்தா பாட்டி, மடியில் ஏறிய குழந்தைகள். அனிமேஷன் படத்துக்கு எங்கள் பக்கம் இப்படிக் கூட்டம் கூடி நான் பார்த்ததில்லை. அதுவரை வந்த இந்திய அனிமேஷன் படங்கள் எல்லாவற்றையும்விட அது அதிகம் வசூலித்தது.

குறை இல்லாத படம் இல்லை. நடைகள் சிலவற்றில் கனம் போதவில்லை. பாதம் தரையில் பதிந்தபின் இடுப்பு இறங்க வேண்டிய அந்த இரண்டு மூன்று ஃபிரேம்கள் விட்டுப்போயிருக்கின்றன. சண்டைகளைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்பதும் என் எண்ணம். ஆனாலும் பாதிப் படத்துக்கு மேல் நான் மேசையை மறந்துவிட்டேன்.

இரணியன் தூணைப் பற்றிக் கேட்கும் இடம் வந்தது. மகள் பாட்டியின் கையைப் பிடித்து இழுத்தாள். “பாட்டி, இப்பத் தூண்லேருந்து வருவாரு பாரு.”

“சும்மா இருடி, எனக்குத் தெரியாதா?” என்றாள் அம்மா. ஆனால் இருவருமே நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்கள்.

இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த புதிர் இதுதான். அடுத்து என்ன நடக்கும் என்று அரங்கில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரியாத ஒன்றுக்காக யாரும் வரவில்லை. ஆகவே எங்கள் கையில் மிச்சம் இருப்பது நேரம் மட்டும். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். தூண் பிளப்பதற்கு முன் எத்தனை ஃபிரேம் ஒன்றுமே நடக்காமல் நிற்கலாம்? கையால் வரைந்த படத்தில் ஓர் ஓவியத்தை அப்படியே நிறுத்திவைக்கலாம், உயிர் போகாது. கணினி உருவத்தை முழுதாக நிறுத்தினால் அந்தக் கணமே பிணமாகிவிடும். அதனால் ‘மூவிங் ஹோல்ட்’ என்று ஒன்று வைத்திருக்கிறோம்: நிற்பதுபோல் தெரிய வேண்டும், ஆனால் மூச்சு ஓட வேண்டும், இமை ஓர் இழை இறங்க வேண்டும், எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு நகரத் தொடங்கியிருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் பாய்ச்சலைச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். நிற்கவைக்கக் கற்பதற்குத்தான் ஆண்டுகள் ஆகின்றன.

கூத்துக்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும். தஞ்சாவூர் மாவட்டத்து மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டிப் பாகவத மேளாவில் பிரகலாத சரித்திரம் ஆடுவார்கள். நரசிம்மர் முகமூடி அங்கே பூஜையில் இருப்பது. இரவெல்லாம் கதை நடந்து, விடியும் நேரத்தில் அதை அணிந்தவர் வெளிப்படும்போது அவரைச் சுற்றி நின்று ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். இரணியன் மேல் பாய விடாமல் இழுத்துப் பிடிக்கும் அந்தக் கைகள்தான் பாய்ச்சலின் வேகத்தைக் காட்டுகின்றன. நாங்கள் கணினியில் தேடுவதும் அந்தப் பிடியைத்தான்.

1992இல் முடிந்த ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’வும் 2025 ஜனவரியில் தமிழ்க் குரலோடு திரையரங்குகளுக்கு வந்தது. யுகோ சாக்கோவின் முயற்சி. ஜப்பானின் கோயிச்சி சசாகியும் நம் ராம் மோகனும் அவரோடு இயக்கினார்கள். ராம் மோகன், 1956இல் மும்பை ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்த டிஸ்னி கலைஞர் கிளேர் வீக்ஸிடம் பயின்றவர். வேட்டி எப்படிக் கட்டுவது, சிறியவர்கள் பெரியவர்களிடம் எப்படி ஆசி வாங்குவது என்பதெல்லாம் ஜப்பானிய ஓவியர்களுக்கு இங்கிருந்து போனவர்கள் சொல்லித்தர வேண்டியிருந்தது. அந்த உழைப்பு திரையில் தெரிகிறது. ஒருவர் குனிந்து காலைத் தொடும்போது முதுகு எங்கே வளைகிறது என்று பாருங்கள். வணக்கத்தின் அளவே அதில் இருக்கிறது. சென்னையிலும் இந்தத் தேடல் புதிதல்ல. பென்டாமீடியா கிராபிக்ஸ் 2000இல் எடுத்த ‘பாண்டவாஸ்’ சிறந்த ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது.

வெளிநாட்டு உருவங்களை எங்கள் வீட்டில் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் ஆர்வம். டிரீம்வொர்க்ஸின் ‘ரைஸ் ஆஃப் தி கார்டியன்ஸ்’ (2012, இயக்கம் பீட்டர் ராம்சே) படத்தில் பனிப்பையன் ஜாக் ஃபிராஸ்ட், கிறிஸ்துமஸ் தாத்தா, பல் தேவதை எல்லோரும் வருகிறார்கள். குழந்தைகள் நம்பிக்கை இழந்தால் அவர்கள் பலமும் குறையும். பால் பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிந்த குடும்பம் எங்களுடையது. பல் தேவதையை மகளுக்கு விளக்கவேண்டியிருந்தது. மணல் மனிதன் சாண்ட்மேனை மட்டும் விளக்கவே வேண்டாம். அவன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. நினைப்பதெல்லாம் தலைக்கு மேல் மணல் உருவங்களாக எழும். அறியாத ஊரின் தொன்மம், வெறும் நிழலுருவத்தின் தெளிவால் அம்பத்தூர்ப் பிள்ளைக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. பொறாமைப்படத்தக்க வேலை.

எங்கள் ரயில் தடத்திலேயே ஒரு கதை காத்துக்கொண்டிருக்கிறது. ஆவடி தாண்டினால் திருநின்றவூர். பூசலார் நாயனார் ஊர். குன்றத்தூர்ச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொன்ன கதைதான். கையில் பொருள் இல்லாத பூசலார் மனத்துக்குள்ளேயே நாள் பார்த்து, அடித்தளம் இட்டு, விமானம் எழுப்பி, சுதை பூசி, கிணறு தோண்டி, குடமுழுக்குக்கு நாள் குறித்தார். காஞ்சியில் கற்கோயில் கட்டிய பல்லவ அரசனும் அதே நாளைக் குறிக்க, சிவன் கனவில் வந்து நாளை மாற்றிக்கொள்ளச் சொன்னார். அரசன் கோயிலைத் தேடி வந்தான். ஊரில் அப்படி ஒரு கோயில் இல்லை.

நானும் நண்பர் ஒருவரும் வேலை நேரம் போக இதைக் குறும்படமாக வரைந்துவருகிறோம். கட்டும் வரிசை புராணத்திலேயே இருப்பதால் ஷாட் பிரிப்பது எளிது. உளிச் சத்தம் தொடக்கத்திலிருந்தே கேட்க வேண்டும் என்பதிலும் ஒத்துப்போய்விட்டோம். அரசன் தேரைவிட்டு இறங்கும் ஷாட்டில்தான் தகராறு. அங்கே வெறும் திடலும் ஒரு வயதானவரும் மட்டுமே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அதுவரை குழந்தைகள் பார்த்துவந்த கோயிலை அங்கே பறித்தால் ஏமாந்துவிடுவார்கள், கோடாகவாவது காட்ட வேண்டும் என்கிறார் அவர். அடித்தளத்து ஷாட்டுகளை வரையத் தொடங்கிவிட்டோம். அரசன் காஞ்சியிலிருந்து வந்து சேர்வதற்குள் இதைப் பேசித் தீர்க்க வேண்டும்.