கட்டுமலையிலிருந்து கொழுக்குமலைக்கு

சுவாமிமலையில் மலை கிடையாது. முருகன் நிற்பது கட்டுமலை; தமிழ் வருடத்துக்கு ஒன்றாக 60 படி. ஊரைச் சுற்றித் தோண்டினால் வண்டலும் மணலும்தான் வரும். அந்த வண்டலைத்தான் எங்கள் ஸ்தபதிகள் மெழுகுச் சிலையின் மேல் பூசி ஐம்பொன் வார்க்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியிலிருந்து வந்ததுதான். இந்த மண்ணில் வண்டி பழகியவனுக்குப் பாறைத்தடம் தலைகீழ்ப் பாடம்.

*

நடவுக்கு முன்னால் கேஜ் வீல் மாட்டிச் சேறடிக்கிற டிராக்டர்காரரைக் கவனியுங்கள். உளை இருக்கிறது என்று தெரிந்தால் வேகத்தைக் குறைக்கவே மாட்டார். நின்றால் அச்சு வரை இறங்கிவிடும். அப்புறம் இன்னொரு டிராக்டரும் சங்கிலியும் தேட வேண்டும். அதே பழக்கத்தோடு பாறையில் ஏறினால் ஆயில் சம்ப் உடையும். அங்கே நிற்கலாம், இறங்கிப் பார்க்கலாம், யோசிக்கலாம். யாரும் பின்னாலிருந்து ஹாரன் அடிக்கப் போவதில்லை.

*

கொழுக்குமலை தேனி மாவட்டம். ஆனால் ஜீப் போகும் தடம் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டு, பூப்பாறை வழியாகச் சுற்ற வேண்டும். 7,000 அடிக்கு மேல் ஒரு தேயிலைத் தோட்டம், 1930களில் கட்டிய தொழிற்சாலை, விடியற்காலையில் காலடியில் மேகம். இவற்றைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அந்தத் தடம்தான். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிறது. சாலை என்று சொல்ல வாய் வராது. உருண்டைக் கல், உடைந்த கல், பெயர்ந்த கல், இடையிடையே மழை அறுத்த வாய்க்கால்.

ஓட்டுநர் வைத்திருந்தது பழைய மஹிந்திரா கமாண்டர். இருட்டிலேயே கிளம்பினோம். ஏற்றம் தொடங்கும் இடத்தில் குட்டைக் கம்பியை இழுத்து லோ கியருக்கு மாற்றினார். அதன்பிறகு ஆக்சிலேட்டரில் அவர் கால் பட்டதா என்றே சந்தேகம். எஞ்சின் தானாக முனகிக்கொண்டு ஏறியது. பெரிய கல் வந்தால் நாம் அதை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுத் தப்பிக்கப் பார்ப்போம். அவர் டயரை நேராக அதன் மேலேயே ஏற்றினார். காரணம் எளிது: டயர் கல்லில் ஏறினால் வண்டியே உயர்கிறது, அடிவயிறு தப்பிக்கிறது, நடுவில் விட்டால் கல் டிஃபரன்ஷியல் குண்டில் போய் இடிக்கும். கட்டைவிரல் இரண்டையும் ஸ்டீயரிங் வளையத்துக்கு வெளியிலேயே வைத்திருந்தார். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் முன்சக்கரம் கல்லில் இடித்தால் வளையம் வெடுக்கென்று சுழலும். விரல் உள்ளே இருந்தால் ஒடிந்துவிடும்.

இறங்கும்போதும் அதே லோ கியர், முதல் கியர். கிளட்சைத் தொடவில்லை. நம் பக்கத்தில் சமதளத்தில் ஓட்டியே பழகிய கால், பயந்தால் பிரேக்கையும் கிளட்சையும் சேர்த்து மிதிக்கும். மலைச்சரிவில் கிளட்சை மிதித்தால் எஞ்சினின் பிடி விட்டுப்போகிறது. பாரம் முழுக்க பிரேக் மேல் விழுகிறது.

*

ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அது மட்டும் சும்மா சுற்றும், தரையில் இருக்கிற சக்கரம் அசையாது. டிஃபரன்ஷியலின் குணம் அது. இரண்டையும் சேர்த்துக் கட்டிப்போடுவது டிஃப் லாக். சில ஜீப்களில் இதைப் பெரிய விஷயமாகப் பேசுகிறார்கள். நம்மூர் டிராக்டரில் குதிகாலுக்குப் பக்கத்தில் பெடலாகவே இருக்கிறது. உளையில் ஒரு சக்கரம் வழுக்கும்போது மிதிப்பார்கள். வளைக்கிற சமயத்தில் மிதிக்கக் கூடாது என்பதும் தெரியும். டெல்டா டிரைவருக்குப் பாறையில் உதவுகிற ஒரே சொந்தப் பாடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

*

டயர் காற்று. தார்ச்சாலைக்கு 30 பவுண்டு என்றால் பாறைக்கு 20 அளவுக்கு இறக்குகிறார்கள். காற்று குறைந்த டயர் கல்லின் மேல் படிந்து கவ்வும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடி ஏற்றியாக வேண்டும்.

*

பாலைவனத்துப் பாறை வேறு ரகம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்ற ஊரில் 1967லிருந்து ஈஸ்டருக்கு ஜீப் கூட்டம் நடக்கிறது. அங்கே சிவப்பு மணற்பாறை. காய்ந்திருக்கும்வரை டயருக்கு நல்ல பிடி. பனி நனைத்த செம்மண் பூசிய கொழுக்குமலைக் கல்தான் இன்னும் மோசம் என்பது என் கட்சி.

நமக்குப் பக்கத்துப் பாலைப் பாறை ஓமன். தஞ்சை, திருவாரூர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார்கள். ஜெபல் அக்தர் மலைக்கு ஏற பிர்கத் அல் மௌஸ் ஊரில் போலீஸ் சோதனைச் சாவடி. நான்கு சக்கர ஓட்டம் இல்லாத வண்டியைத் திருப்பி அனுப்புவார்கள். சாலை போட்ட பிறகும் அப்படித்தான். வாடி பனி அவ்ஃப் தடம் இன்னும் கரடுமுரடு. அங்கே பல இடங்களில் வறண்ட ஆற்றுப்படுகையே பாதை; அதைத்தான் வாடி என்கிறார்கள். நமக்கு மேட்டூர் திறப்பு என்றால் ஜூன் 12 என்று நாள் குறித்த விஷயம். திறந்தாலும் தண்ணீர் கடைமடை வருவதற்குள் வாய்க்காலே தூர்வாரிவிடலாம். வாடியில் அப்படி இல்லை. தலைக்கு மேல் வெயில் அடிக்கும். எங்கோ மலையில் பெய்த மழை சில நிமிடத்தில் வண்டியைப் புரட்டிவிடும். மேகம் தெரிந்தால் படுகையில் இறங்காதே என்பதுதான் அங்கே முதல் விதி.

*

கும்பகோணத்தில் இப்போது எங்கே பார்த்தாலும் மஹிந்திரா தார் ஜீப் நிற்கிறது. 2023 ஜனவரியிலிருந்து பின்சக்கரம் மட்டும் ஓடுகிற தாரும் விற்கிறார்கள். மகாமகக் குளத்தைச் சுற்ற அதுவே அதிகம்.

*

கொழுக்குமலை போகிறவர்களுக்கு: சொந்த வண்டியைச் சூரியநெல்லியிலேயே விட்டுவிடுங்கள், மேலே உள்ளூர் ஜீப்புக்குத்தான் அனுமதி. இடம் கிடைத்தால் முன்சீட்டில் உட்காருங்கள். பின்சீட்டில் முதுகு போய்விடும், ஓட்டுநரின் கால் என்ன செய்கிறது என்பதையும் பார்க்க முடியாது.